அக்கா மாற்றிச் சொன்னது

"நீயே சொல்லிருடா அருளு," என்றாள் அக்கா. "என்னால முடியல."

பெலிப்பா வீட்டுச் சமையலறையில் இருந்தோம். மண்சுவர், தகரக் கூரை, மூலையில் மண் அடுப்பு. அடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் குட்டை முக்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் ஒரு தட்டு, தட்டில் அவித்த கிழங்கு. கறுப்பு, ஊதா, மஞ்சள் என்று நான் அதுவரை பார்த்திராத நிறங்களில் கிழங்கு. வாசல் வழியாக மதிய வெயில் ஒரு பாய் அகலத்துக்கு உள்ளே வந்து கிடந்தது. அந்த வெயிலுக்குள் கால் நீட்டினால் சுட்டது. கொஞ்சம் இழுத்துக்கொண்டால் விரல் மரத்துப் போனது.

"எனக்கு இவுக பாசையில ஒரு வார்த்தகூடத் தெரியாதே அக்கா."

"தமிழ்லயே சொல்லு. நான் மாத்திச் சொல்லிக்கிறேன்."

முக்காலியை விட்டு எழுந்தேன். கம்பத்தில் ஏறிப் பழகியவன் நான், நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழகியவன் இல்லை. மின்வாரியத்தில் நான் ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்திப் பேசச் சொன்னபோதுகூட "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இங்கே, டிட்டிகாக்கா ஏரிக்கு நடுவில் ஒரு தீவில், முன்பின் தெரியாதவர்கள் வீட்டு அடுப்படியில் அக்கா என்னைப் பேசச் சொல்கிறாள்.

சில வாரங்களாக இந்தப் பத்தியில் மின்கம்பக் கதைகளையே எழுதிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் கம்பமே இல்லாத ஊரைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு முன்னால், நாச்சியாபுரத்துக்காரன் ஒருவன் அந்த அடுப்படியில் எதற்காகப் போய் நின்றான் என்று சொல்லிவிட வேண்டும்.

லூர்து அக்கா

எனக்கும் அக்காவுக்கும் பத்து வயது வித்தியாசம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். இருந்த கொஞ்ச வயலை அம்மா பார்த்துக்கொண்டாள். அதனால் என்னைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, அடித்தது எல்லாம் லூர்து அக்காதான்.

நாச்சியாபுரத்துக் கண்மாயில் எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். மோவாய்க்கட்டையைக் கையில் தாங்கிக்கொண்டு, "காலை அடி, காலை அடி" என்று கத்துவாள். எப்போது கையை எடுத்தாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. திரும்பிப் பார்த்தால் தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள்.

நான் டவுசர் போட்டுத் திரிந்த காலத்தில் அவள் கன்னியர் மடத்தில் சேரப் போவதாகச் சொன்னாள். வீட்டில் யாரும் அழவில்லை. அப்பா அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் காரைக்குடி வரை போனார். நான் கூடவே போனேன். ஸ்டேஷனில் ரயில் கிளம்பிப் போன பிறகு அப்பா எனக்கு ஒரு காராபூந்திப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். அதைப் பிரிக்காமலே வீடு வரை கொண்டுவந்தேன்.

பிறகு அவள் வெள்ளை உடுப்பு போட்டு முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, ஓடிப்போய், "என்னக்கா, நீ மெலிஞ்சிட்ட?" என்று கேட்டேன். அப்பா தோளைப் பிடித்து நிறுத்தினார். "சிஸ்டரை இனிமே நீ, வா, போன்னு பேசக்கூடாது." அன்றிலிருந்து அக்காவிடம் நான் "வாரீக, போறீக" என்றுதான் பேசுகிறேன். எழுதும்போது மட்டும் அவள் என்றுதான் வருகிறது. அப்பா மன்னிக்கட்டும்.

நர்சுப் படிப்பு முடித்து வட இந்தியாவில் கொஞ்ச காலம் இருந்தாள். பிறகு அவளுடைய சபை அவளைப் பெரு நாட்டுக்கு அனுப்பியது. மலைக்கு மேலே ஓர் ஏரி, ஏரிக்கரையில் பூனோ என்று ஒரு டவுன், அங்கே மடம். சில வருஷங்களுக்கு ஒருமுறை வருவாள், ஒரு மாதம் இருப்பாள், போய்விடுவாள். அம்மா அடக்கத்துக்கும் அப்பா அடக்கத்துக்கும் அவளால் வந்து சேர முடியவில்லை.

மதரின் போன்

ஒரு நாள் அந்த மடத்து மதர் என் போனுக்குக் கூப்பிட்டார். மலையாளத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்.

அக்காவின் இதயத்தில் வலது பக்கம் வீங்கியிருக்கிறதாம். அந்த உயரத்தில் காற்று மெலிசு. பல வருஷம் அந்தக் காற்றிலேயே இருந்ததால் வந்த கோளாறு. மருந்து இரண்டாம்பட்சம், முதலில் மலையை விட்டு இறங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா கேட்கவில்லை.

"கட்டாயப்படுத்த எங்களுக்கு மனசு வரலை. நீங்க வந்து கூப்பிட்டா ஒருவேளை வரும்," என்றார் மதர்.

என் மனைவி ஸ்டெல்லா அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டாள். நாங்கள் இப்போது இருக்கும் கோட்டையூர் வீட்டில் கீழ் அறையைக் காலி செய்து வெள்ளையடித்து, குளியலறையில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பியும் வைத்தாள். "அண்ணிய கையோட கூட்டிட்டு வாங்க. ஒத்தையா வந்து நிக்காதீக," என்று சொல்லித்தான் என்னை விமானத்துக்கு அனுப்பினாள்.

போய் இறங்கியதும் இரண்டு நாள் மடத்தில் தலைவலியோடு சுருண்டு கிடந்தேன். அக்காதான் நெற்றியில் துணி நனைத்துப் போட்டாள். அவளுடைய உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. ஒரு வாக்கியத்தை அவளால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. பாதியில் நிறுத்தி, மூச்சு இழுத்து, மீதியைச் சொன்னாள்.

நான் வந்த விஷயத்தை எடுத்தேன். "ஊருக்குப் போயிருவோம் அக்கா."

சண்டை போடுவாள் என்று நினைத்திருந்தேன். "சரிடா," என்றாள். "ஆனா… தீவுல ஒரு குடும்பம் இருக்கு. அவுககிட்ட… ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரணும்."

மாமா என்றால் அம்மா

படகு அரை நாள் போனது. கரையோரக் கோரைகளைத் தாண்டியதும் தண்ணீர் கண்ணைக் கூசும் நீலமாக மாறியது. தூரத்தில் பனிமலைகள் தண்ணீரிலிருந்தே முளைத்த மாதிரி நின்றன. நம் கண்மாயைக் கடல் அளவுக்கு அகலமாக்கி, வானத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

தீவின் பெயர் அமந்தானி. அங்கே மோட்டார் வண்டி எதுவும் கண்ணில் படவில்லை. வேலை புத்தி போகாமல் நான் முதலில் மேலே பார்த்தேன். கம்பி இல்லை. சில கூரைகளில் சூரியத் தகடு மட்டும் தெரிந்தது. இவ்வளவு பெரிய வானத்தைக் குறுக்கே ஒரு கோடுகூட இல்லாமல் நான் பார்த்ததில்லை. ஆடு கத்துவதும், யாரோ மண்வெட்டியால் கொத்துவதும், எங்கள் செருப்புச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. மலைச்சரிவு முழுக்கக் கல்வரப்பு கட்டிய வயல்கள்.

படித்துறையில் இருந்தவர்கள் அக்காவைப் பார்த்ததும், "மாமா லூர்தெஸ்! மாமா லூர்தெஸ்!" என்று கூப்பிட்டார்கள். யாரடா மாமா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

அக்கா சிரித்தாள். "இவுக பாசையில… மாமான்னா அம்மாடா."

என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். உடனே எல்லோரும், "துரா, துரா," என்று தலையாட்டினார்கள். ஒரு பெண்ணுடன் பிறந்தவனுக்கு அங்கே அப்படிப் பெயராம். என் காதில் துரை என்று விழுந்தது. வாழ்நாளில் யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

மேட்டுப் பாதையில் வளைவுக்கு வளைவு அக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலெல்லாம் யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு கிழவர் கையை நீட்டி விரல் வீக்கத்தைக் காட்டினார். ஒரு பெண் குழந்தையின் வாயைத் திறந்து பல்லைக் காட்டினாள். அக்கா பார்த்தாள், திட்டினாள், தட்டிக் கொடுத்தாள்.

பெலிப்பா பாதி வழியிலேயே இறங்கி வந்துவிட்டாள். ஐம்பது வயதிருக்கும். பூவேலை செய்த கறுப்புத் துணியைத் தலையோடு போட்டிருந்தாள். அவளுக்குப் பிரசவ வலி கண்ட நாளில் காற்றும் மழையுமாக இருந்து படகு ஓடவில்லை. அக்கா அப்போது தடுப்பூசி போட அந்தத் தீவுக்கு வந்து மாட்டிக்கொண்டவள். பிள்ளையை எடுத்தது அக்கா. பிறகு ஞானத்தாயாக நின்று ஞானஸ்நானம் கொடுக்க வைத்ததும் அக்கா. பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்று கூப்பிட வேண்டும். நம் ஊர் சம்பந்தி உறவு மாதிரி, ஆனால் சண்டை இல்லாமல்.

அந்தத் தீவில் ஒரு ராத்திரிதான் தங்கினோம். முன்யா என்று ஒரு செடியை வெந்நீரில் போட்டுக் கொடுத்தார்கள். புதினா வாசம். குடித்ததும் நெஞ்சு கொஞ்சம் திறந்தது. ஐந்து கனத்த கம்பளிகளை என் மேல் போட்டார் பெலிப்பாவின் கணவர். புரண்டு படுக்க முடியாத பாரம். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை முழுக்க அக்கா வீடு வீடாகப் போய் வந்தாள். "சொல்லிட்டீகளா?" என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கேட்டேன். "இனிமேத்தான்," என்றாள். மதியம் படகு ஏறுவதற்கு முன் பெலிப்பா வீட்டில் சாப்பிடக் கூடியிருந்தபோதுதான், நீயே சொல் என்று என் தலையில் கட்டினாள்.

நான் பேசினேன்

எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன். பேச்சுத் தமிழ்தான் வந்தது.

"எல்லாரும் நல்லா இருக்கணும். எங்க அக்காவ இத்தன வருசமா நல்லாப் பாத்துக்கிட்டீக. நாங்க பக்கத்துல இருந்தாக்கூட இப்பிடிப் பாத்திருப்பமான்னு தெரியல. இப்ப அவுகளுக்கு நெஞ்சு சரியில்ல. இந்த ஒசரம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுனால நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். கோவிச்சுக்கிறாதீக."

கையெடுத்துக் கும்பிட்டேன்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தன் மடியிலிருந்த தட்டைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மூச்சுக்கு நிறுத்தி நிறுத்தி, அவர்கள் மொழியில் சொன்னாள்.

எல்லோரும் சிரித்தார்கள்.

பெலிப்பா எழுந்து ஓடி, பானையிலிருந்து கிழங்கை அள்ளி என் தட்டில் குவித்தாள். அவளுடைய கணவர் என் தோளில் ஓங்கித் தட்டினார். ஒரு கிழவி தன் தட்டிலிருந்த பொரித்த பாலாடைக்கட்டியையும் எடுத்து எனக்கு வைத்தாள்.

பிரிவுச் செய்தியைக் கேட்டுச் சிரிக்கிற சனம் எந்தத் தேசத்திலும் இருக்க முடியாது. எனக்கு விளங்கிவிட்டது. அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்து, குவித்து வைத்த கிழங்கை ஒவ்வொன்றாகத் தோலுரித்துத் தின்ன ஆரம்பித்தேன்.

படகில்

பெலிப்பாவும் எங்களோடு படகில் வந்தாள். தான் நெய்த துணிகளை மூட்டையாகக் கட்டி, பூனோவில் விற்க எடுத்து வந்திருந்தாள். அவள் முன்பக்கம் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நானும் அக்காவும் பின்னால்.

தீவு கொஞ்சம் சிறிதானதும் கேட்டேன். "அங்க என்ன சொன்னீக?"

"கெழங்கு நல்லா இருக்கு… இன்னும் கொஞ்சம் வேணும்னு… கேக்குறான்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. "வெளையாட்டா அக்கா இது? எம்புட்டுத் தொலவுலருந்து வந்திருக்கேன்!"

"வாய் வரலடா." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஊருக்கு வந்து… நான் என்னடா செய்வேன்?"

"நாங்க இருக்கம்ல."

"இருக்கீக. மூணு வேளையும் சோறு போட்டு… ஒக்கார வெச்சிருவீக. தெருவுல யாரையும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சவுக எல்லாம்… கல்லறையில இருக்காக." கொஞ்சம் மூச்சு இழுத்தாள். "இப்பல்லாம் தமிழ்ல… கனாக்கூட வர்றதில்லடா அருளு."

வெள்ளையடித்த அறையும் ஸ்டெல்லா வைத்த கம்பியும் கண்ணில் வந்து நின்றன.

காற்று கிளம்பி, படகு ஆட ஆரம்பித்தது. அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். பலகையைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தேன். நகமெல்லாம் உதட்டின் நிறத்துக்கு மாறியிருந்தது. முதுகைத் தடவினேன். மூச்சு மேலும் கீழுமாக அடித்தது. முன்னால் நெஞ்சு எலும்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

அப்பா போட்ட கட்டளை எங்கே போனதென்று தெரியவில்லை.

"நீ ஊருக்கு வர வேணாங்க்கா," என்றேன். "இந்த மலைய விட்டு மட்டும் எறங்கிரு. நீ செத்துப் போயிருவக்கா."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நீ என்று சொன்னதால் திரும்பினாளா, சொன்ன சொல்லுக்காகத் திரும்பினாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

"எறங்கி… எங்கடா போக?"

"அரெக்கிப்பாவுல ஒங்க சபைக்கு வீடு இருக்குன்னு மதர் சொன்னாக. பாதி ஒசரந்தானாம். பஸ்ஸுல போயிரலாமாம்."

"அங்க ஏரி இல்லையேடா."

"ஏரி இல்லாட்டி என்ன? நீ இருப்பல்ல."

அவள் மறுபடி தண்ணீரைப் பார்த்தாள். ஊருக்கு அழைத்துப் போக வந்தவன், அதை நானே கைவிட்டுவிட்டு இன்னொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது இழப்பாகவே தோன்றவில்லை. மூச்சு மட்டும் வேண்டும் என்றிருந்தது.

அக்கா என் தோளைப் பிடித்து எழுந்தாள். ஆடுகிற படகில் ஒவ்வொரு பலகையாகப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். பெலிப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் பெலிப்பா சிரித்தபடிதான் கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. அக்காவின் புஜத்தில் ஒரு அடி அடித்தாள். வலிக்கிற மாதிரியே அடித்தாள். கையை ஆட்டி ஆட்டித் திட்டினாள். கடைசியில் தன் தலைத்துணியை உருவி அக்காவின் தலையோடு போர்த்தி, தன் பக்கம் இழுத்துச் சாய்த்துக்கொண்டாள். அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்து உரக்க ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாக?" என்று கத்தினேன்.

அக்கா போர்வைக்குள்ளிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "மொதல்லயே இதச் சொல்லியிருந்தா… ஒனக்குக் கெழங்கே… போட்டிருக்க மாட்டாளாம்."

இதையாவது சரியாக மாற்றிச் சொன்னாளா, தெரியாது. இப்போதெல்லாம் பெலிப்பா துணி விற்க அரெக்கிப்பாவுக்குப் போனால் அக்கா இருக்கிற மடத்தில்தான் தங்குகிறாள். போன மாதம் பெலிப்பா அங்கிருந்து போனில் முகம் காட்டினாள். அந்த ஊர்ச் சூடு தாங்க முடியவில்லை என்று தலைத்துணியால் விசிறிக்கொண்டாள். காரைக்குடி வெயிலை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று யோசித்து, விட்டுவிட்டேன்.

இறக்கம்

மறு வாரம் அக்காவை அரெக்கிப்பாவுக்கு பஸ்ஸில் அழைத்துப் போனேன். இறங்குவதற்கு முன்னால் அந்த பஸ் இன்னும் உயரமாக ஒரு கணவாயில் ஏறும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. மடத்தில் கொடுத்த ஆக்சிஜன் குப்பியை அவள் மூக்கில் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அக்கா கண்ணை மூடியிருந்தாள். வெளியே புல்லும் கல்லும்தான். கணவாயைத் தாண்டி பஸ் வளைந்து வளைந்து இறங்க ஆரம்பித்த பிறகுதான் சீட்டில் முதுகைச் சாய்த்தேன்.

ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அங்குட்டுப் போனா நல்லாயிருவாகளா?" என்று கேட்டாள். "டாக்டர் அப்பிடித்தான் சொல்றாரு," என்றேன். "அப்பச் சரி," என்று மூக்கை உறிஞ்சினாள்.

நான் ஊர் திரும்ப இன்னும் சில நாள் இருந்தது. அரெக்கிப்பா மடத்தில் வெயில் அடிக்கிற மொட்டை மாடி ஒன்று உண்டு. ஒரு நாள் காலையில் துவைத்த துணிகளைக் காயப்போட நான் மாடிக்குப் போயிருந்தேன். கொடியில் அக்காவின் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா ஏறி வந்து வாசலில் நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடிக்கவில்லை.

"என்னடா இது, உடுப்ப இப்பிடியா போடுவாக, கையையும் காலரையும் சுருட்டி, ஒதறாம, தண்ணி சொட்டச் சொட்ட, ஒரு வேலைய ஒழுங்காச் செய்யத் தெரியுதா ஒனக்கு, ஸ்டெல்லா எப்பிடித்தான் ஒன்ன வெச்சுக் குடும்பம் நடத்துறாளோ, தள்ளு அங்குட்டு!"

நடுவில் ஓரிடத்தில்கூட அவள் மூச்சுக்கு நிற்கவில்லை. நான் தள்ளவில்லை. ஈர உடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று அங்கேயே நின்றேன்.